கடைசி வரியைப் படம் பிடிக்காதீர்கள்

லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் (எல்எஃப்எஸ்) புத்தகத்தை வைத்துச் சொந்தக் கையால் லினக்ஸ் கட்ட உட்கார்ந்து, பாதியில் நின்றுபோயிருக்கும் பிள்ளைகளுக்கு,

போன இரண்டு வாரத்தில் உங்களிடமிருந்து எனக்குப் பதினொரு படங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே டெர்மினல் திரையை ஃபோனில் எடுத்தவை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் டியூப்லைட் வெளிச்சம். பதினொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: மேக் நின்றுவிட்டது, எரர் 2. அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பதும் ஒன்றேதான்: “அக்கா, நின்னுபோச்சு. என்ன பண்ணட்டும்?”

தனித்தனியாகப் பதில் எழுதத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது பதிலுக்கு வரும்போதே, எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் நான்கு பேர் படம்கூட அனுப்பவில்லை. “இதெல்லாம் நமக்கு வராது” என்று சொல்லி மடிக்கணினியை மூடி வைத்துவிட்டதாக மற்றவர்கள் மூலம் கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நான்கு பேரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இருபது வருடமாக சர்வர்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கும் பில்ட் நிற்கிறது. போன மாதம்கூட நின்றது.

முதலில் அந்த எரர் 2 என்னவென்று பார்ப்போம். மேக் ஒரு மேஸ்திரி மாதிரி. தன் கீழே இன்னொரு மேக்கைக் கூப்பிடும். அது இன்னொன்றைக் கூப்பிடும். அடிமட்டத்தில் கம்பைலர் ஒரு கோப்பில் தடுக்கி விழுந்தால், அதைக் கூப்பிட்ட மேக் எரர் 1 என்று எழுதிவிட்டு நிற்கும். அதற்கு மேலே இருக்கும் மேக், “எனக்குக் கீழே யாரோ தோற்றுவிட்டார்கள்” என்பதை எரர் 2 என்று எழுதும். அதற்கும் மேலே இருப்பது இன்னொரு எரர் 2. ஆக, நீங்கள் படம் பிடித்து அனுப்புவது, தோல்விச் செய்தி மாடிப்படி ஏறி வந்து சேர்ந்த கடைசிப் படியை. எது உடைந்தது என்பது அந்த வரியில் இல்லை. இருக்கவும் முடியாது.

அதோடு, உங்கள் கணினியில் எட்டு கோர் இருக்கிறதென்று எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறீர்கள். ஒரு வேலை உடைந்த பிறகும் மற்ற ஏழும் தங்கள் கையிலிருப்பதை முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். உடைந்த இடத்துக்கும் திரையின் அடிக்கும் நடுவே முந்நூறு வரி வந்துவிடும். அதனால் மேலே போங்கள். முடிக்காத வேலைகளுக்காகக் காத்திருக்கிறேன் என்று மேக் எழுதிய ஒரு வரி இருக்கும். அதற்குச் சற்று மேலேதான் முதல் பிழை. கண்டுபிடிக்க முடியவில்லையா, ஒரே ஒரு வேலையாக, ஜே1 என்று கொடுத்து மறுபடி மேக்கை ஓட்டுங்கள். இம்முறை உடைந்த இடத்திலேயே நிற்கும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

லாக் கோப்பு இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். திரையில் ஓடுவதை டீ கட்டளை வழியாக ஒரு கோப்பிலும் சேர்த்து எழுத வையுங்கள். சாதாரண வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் சேர்த்து. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மேக் தோற்றாலும், வரிசையில் கடைசியாக நிற்கும் டீ தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டது என்பதால், ஷெல் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளும். அடுத்து இன்ஸ்டால் கட்டளையைச் சேர்த்து எழுதியிருந்தால் அதுவும் ஓடிவிடும். அரைகுறையாகக் கட்டியது அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். பாஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை முன்னமே போட்டுவைத்தால் இது நடக்காது. உங்களில் ஒருவருக்கு இது நடந்திருக்கிறது என்று என் ஊகம்; அவர் அனுப்பிய படத்தில், கட்டி முடியாத ஒரு நூலகத்தைத் தேடி லிங்கர் அலைந்துகொண்டிருந்தது.

இனி, போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வந்த ஒரு ஃபோனைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் ஒருத்திதான். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

“அக்கா, ஜிஎம்பி கட்டும்போது வேலை செய்யிற கம்பைலரே இல்லைன்னு சொல்லுது. இதே கம்பைலர்லதான் அரை மணி முன்னாடி பின்யூட்டில்ஸ் கட்டினேன்!”

குரலில் அழுகை இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது வந்த செய்தியைப் படிக்கச் சொன்னேன். வேலை செய்யும் கம்பைலர் கிடைக்கவில்லை, விவரங்களுக்கு கான்ஃபிக் டாட் லாக் பார்க்கவும் என்று இருந்தது. “பார்த்தியா?” என்றேன். பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை, அந்த வாக்கியத்தின் முதல் பாதியிலேயே மனசு உடைந்துவிடுகிறது.

கோப்பைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரி. அடியிலிருந்து பார்த்தால் கிடைப்பது கான்ஃபிகர் தன் மாறிகளையெல்லாம் கொட்டி வைத்திருக்கும் நீண்ட பட்டியல்தான். பிழை அங்கே இருக்காது. அந்தப் பட்டியல் தொடங்கும் இடத்துக்கு மேலே போய், “எரர்” என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். கிடைத்தது. கான்ஃபிகர் தானாக எழுதிப் பார்த்த ஒரு சின்னச் சோதனை நிரல். அதில் ஜி என்று ஒரு ஃபங்ஷன். கம்பைலர் சொல்லியிருந்தது இதுதான்: ஜி-க்கு அளவுக்கு மீறி மதிப்புகள் தரப்பட்டிருக்கின்றன, எதிர்பார்த்தது பூஜ்யம், வந்தது ஆறு.

“நீ என்ன ஜிசிசி போட்டிருக்கே?” என்று கேட்டேன்.

“15, அக்கா. புக்ல 14.2 இருந்தது. புதுசு நல்லதுதானேன்னு மாத்தினேன்.”

முடிச்சு அங்கே அவிழ்ந்தது. சி மொழியின் பழைய வழக்கத்தில், ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டால் என்னென்ன மதிப்புகள் வரும் என்பதைச் சொல்லவில்லை என்று பொருள். எத்தனை கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. சி23 தரத்தில் அதே வெற்று அடைப்புக்குறிக்கு ஒன்றும் வரக்கூடாது என்று பொருள். 2025-இல் வந்த ஜிசிசி 15 அந்தப் புதிய தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஜிஎம்பி 6.3.0-இன் கான்ஃபிகரில் இருக்கும் சோதனை நிரலோ பழைய வழக்கப்படி எழுதியது. கம்பைலரில் ஒரு குறையும் இல்லை. பரீட்சைத் தாள் பழையது, அவ்வளவுதான். தாள் திருத்தும் கான்ஃபிகருக்கு அது தெரியாது. கம்பைலர் ஃபெயில் என்று எழுதிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த எல்எஃப்எஸ் 12.4 புத்தகத்தில் ஜிசிசி 15 வந்தபோது, ஜிஎம்பி பக்கத்தில் அந்த வெற்று அடைப்புக்குறியை மட்டும் திருத்துகிற ஒரு ஸெட் கட்டளையும் கூடவே வந்தது. அவள் கையில் இருந்தது 12.3.

இதில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஜிஎம்பிக்கு முன்னாலேயே இரண்டு மூன்று பேக்கேஜ்கள் இதே காரணத்துக்காக அவளிடம் தடுக்கியிருந்தன. எங்கிருந்தோ எடுத்த பேட்ச்சைப் போட்டு, ஏன் என்று கேட்காமல் தாண்டி வந்திருக்கிறாள். முதல் தடுக்கலிலேயே ஏன் என்று கேட்டிருந்தால், “நான் கம்பைலரை மாற்றினேன், அதனால் பழைய நிரல்கள் மக்கர் செய்கின்றன” என்ற ஒரே விடை மற்ற எல்லாவற்றுக்கும் உதவியிருக்கும்.

பதிப்பு எண்களை மாற்றாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் 1999-இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய புத்தகம். இன்றைக்கு ஒவ்வொரு பதிப்பிலும் இருக்கும் எண்பது சொச்சம் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கட்டிப் பார்த்தே வெளியிடுகிறார்கள். அதில் ஒன்றை நீங்கள் மாற்றினால், அந்த உழைப்பின் பலன் உங்களுக்கு இல்லை. கம்பைலர் வருடத்துக்கு வருடம் கண்டிப்பாகிக்கொண்டே வருகிறது. 2020-இல் ஜிசிசி 10 வந்தபோது, ஒரே மாறியைப் பல கோப்புகளில் அலட்சியமாக அறிவித்திருந்த பழைய நிரல்களெல்லாம் “பலமுறை வரையறை” என்று லிங்கரில் விழுந்தன. 2024-இல் ஜிசிசி 14, அதுவரை வெறும் எச்சரிக்கையாக விட்டுவைத்திருந்த அறிவிக்காத ஃபங்ஷன்களைப் பிழை என்றே தீர்த்துவிட்டது. சி நூலகமான ஜிலிப்சியும் அப்படித்தான். 2021-இல் வந்த 2.34 பதிப்பில் சிக்னல் ஸ்டாக்கின் அளவைக் குறிக்கும் ஒரு பெயர், மாறாத எண்ணாக இருந்தது போய், ஓடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாக ஆகிவிட்டது. எம்4 1.4.18 அதை எண் என்று நம்பி ஒப்பிட்டுப் பார்த்த ஒரே வரியில் பில்ட் நின்றது. எம்4 1.4.19-இல் சரிசெய்தார்கள். எல்எஃப்எஸ் 10.1-ஐ வைத்துக்கொண்டு ஜிலிப்சியை மட்டும் 2.34 ஆக்கியவர்கள், தற்காலிகக் கருவிகள் அத்தியாயத்தின் முதல் பேக்கேஜிலேயே மாட்டினார்கள்.

பிழை தெரியும் இடமும் பிழை பிறந்த இடமும் வேறாக இருப்பது எந்த நிரல் வேலையிலும் உண்டுதான். ஆனால் ஒரு இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து எழுப்பும்போது அந்தத் தூரம் மிகவும் அதிகம். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வரிசையைக் கண்மூடித்தனமாகத் தட்டாமல் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

தயிர் உறைய உறைமோர் வேண்டும். அந்த உறைமோர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றைய தயிருக்கு முந்தாநாளுடையது. கம்பைலரும் அப்படியே: ஜிசிசியைக் கட்ட ஒரு ஜிசிசி வேண்டும். நீங்கள் உபுண்டுவில் உட்கார்ந்து கட்டும்போது, உபுண்டுவின் ஜிசிசிதான் உறைமோர். பக்கத்து வீட்டு உறைமோரின் புளிப்பு நம் வீட்டுத் தயிரில் ஏறிவிடக்கூடாது என்பதற்காகத்தான் புத்தகம் அத்தனை சுற்று வழி போகிறது. முதலில் பின்யூட்டில்ஸ், ஏனென்றால் ஜிசிசியும் ஜிலிப்சியும் கான்ஃபிகர் ஆகும்போது அசெம்ப்ளரையும் லிங்கரையும் சோதித்துப் பார்த்து, அவற்றால் முடிகிறதை வைத்துத் தங்கள் வசதிகளைத் தீர்மானிக்கின்றன. அடுத்து, சி நூலகமே இல்லாத நிலையில் ஒரு மொட்டை ஜிசிசி. பிறகு கெர்னலின் தலைப்புக் கோப்புகள். அந்த மொட்டை ஜிசிசியால் ஜிலிப்சி. அதன் மேல் சி++ நூலகம். இப்படி ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது, அடியில் நிற்பவர் கொஞ்சம் கோணலாக நின்றாலும் அது தெரியவருவது நாலாவது ஆள் ஏறும்போதுதான்.

அதனால்தான் ஜிலிப்சி முடிந்ததும் புத்தகம் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்கிறது. ஒன்றுமே செய்யாத ஒருவரி சி நிரலைப் புதிய கம்பைலரில் கொடுத்து, வந்த கோப்பை ரீட்எல்ஃப் வைத்துத் திறந்து, அது ஓடுவதற்கு எந்த டைனமிக் லிங்கரைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். 64 பிட் கணினியில் அது லிப்64 ஃபோல்டரில் இருக்கும் எல்டி-லினக்ஸ் கோப்பின் பெயராக இருக்க வேண்டும். முன்னால் எம்என்டி, எல்எஃப்எஸ் என்று எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. இரண்டு நிமிட வேலை. உங்களில் எத்தனை பேர் செய்தீர்கள்? நான் கேட்ட ஆறு பேரில் இரண்டு பேர். மற்ற நாலு பேரும் சொன்னது, “அதான் எரர் வராம முடிஞ்சுதே அக்கா.”

பில்ட் நின்றால் எனக்குப் பயமில்லை. தப்பாகக் கட்டிக்கொண்டு நிற்காமல் போகிறதே, அதற்குத்தான் பயப்படுகிறேன். நின்ற பில்ட் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டு நிற்கிறது. தப்பான ஜிலிப்சி மேல் எண்பது பேக்கேஜ் கட்டி முடித்தபின் கணினி எழும்பாவிட்டால், எங்கே போய்த் தேடுவீர்கள்?

ஹோஸ்ட் கணினியைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் புத்தகமே ஒரு சோதனை ஸ்கிரிப்ட் தருகிறது. ஓட்டிப் பார்த்தால் போதும். உபுண்டு, டெபியனில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் வருவது பாஷ் அல்ல, டாஷ். உபுண்டு 2006-லேயே அப்படி மாறிவிட்டது. ஆக் என்று கூப்பிட்டால் வருவது பெரும்பாலும் மாக், நமக்கு வேண்டியதோ காக். பைசன், டெக்ஸ்இன்ஃபோ, எம்4 தனியாக நிறுவ வேண்டியிருக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பில்ட் உடனே விழாது. எங்கேயோ போய், சம்பந்தமில்லாத ஒரு இலக்கணப் பிழையாக விழும். ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எரர் என்று வந்தாலும் அதைச் சரிசெய்யாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

சூழல் மாறிகள் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எல்எஃப்எஸ் என்ற மாறியில்தான் நாம் கட்டும் இடத்தின் முகவரி இருக்கிறது. ராத்திரி கணினியை அணைத்துக் காலையில் புது டெர்மினலைத் திறந்தால், அந்த மாறி அங்கே இருக்கும் என்று உறுதியில்லை. யூசர் மாறினாலும் அப்படியே. மாறி காலியாக இருந்தால் ஷெல் ஒரு எச்சரிக்கையும் தராது. காலி இடத்தை ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு கட்டளையை நிறைவேற்றும். எனக்கு இது நடந்தது. தற்காலிகக் கருவிகளைக் கட்டி முடித்த நாள். அந்த ஃபோல்டர்களின் உரிமையை எல்எஃப்எஸ் யூசரிடமிருந்து ரூட்டுக்கு மாற்றும் கட்டளையை, ரூட்டாக, புது டெர்மினலில் தட்டினேன். மாறி காலி. கட்டளை போய் இறங்கியது என் சொந்தக் கணினியின் யூஎஸ்ஆர் ஃபோல்டரில். எல்லாக் கோப்புகளின் உரிமையும் ரூட்டுக்கே போனதோடு, சூடோ, எஸ்யு போன்ற நிரல்களுக்கு இருக்கும் செட்யுஐடி என்ற சிறப்பு அனுமதியும் அழிந்துபோனது. சூடோ வேலை செய்யாத கணினியில் சூடோவைச் சரிசெய்ய முடியாது. நல்லவேளையாக அந்த ரூட் டெர்மினலை மூடாமல் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு பேக்கேஜாகத் திரும்ப நிறுவி விடியற்காலை மூன்று மணிக்கு மீண்டேன். இப்போதைய பதிப்புகளில் அந்தக் கட்டளை, எல்எஃப்எஸ் யூசருக்குச் சொந்தமான கோப்புகளை மட்டும் மாற்று என்று எழுதப்பட்டிருக்கிறது. என்னைப் போலப் பலர் விழுந்திருப்பார்கள் போல. இருந்தாலும் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்த மாறியை எக்கோ செய்து கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சாமி கும்பிடுவது போல அது ஒரு பழக்கமாகிவிட வேண்டும்.

நிரல், புத்தகம், சூழல் எல்லாம் சரியாக இருந்தும் பில்ட் விழலாம். அப்போது கணினியைச் சந்தேகப்பட வேண்டும். கம்பைலர் “கில்டு” என்று சொல்லிவிட்டுச் செத்தால், அதை நினைவகம் தீர்ந்துபோன கெர்னல்தான் கொன்றிருக்கும்; டிமெசேஜ் கட்டளையில் சாட்சி இருக்கும். ஜிசிசியின் பெரிய சி++ கோப்புகள் ஒவ்வொன்றும் நினைவகத்தை நன்றாகவே தின்னும். நாலு ஜிபி வைத்துக்கொண்டு எட்டு வேலைகளை ஓடவிடாதீர்கள். இரண்டாகக் குறையுங்கள், அல்லது ஸ்வாப் கொடுங்கள். வட்டில் இடம் தீர்ந்தாலும் பிழைச் செய்தி விசித்திரமாக வரும், அதையும் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. ஒருமுறை ஜிசிசி கட்டும்போது “செக்மென்டேஷன் ஃபால்ட்” என்று விழுந்தது. மறுபடி ஓட்டினேன்; அந்தக் கோப்பைச் சிரமமில்லாமல் தாண்டி, இருபது நிமிடம் கழித்து வேறொரு கோப்பில் விழுந்தது. மூன்றாவது முறை இன்னொரு இடம். நிரலில் தப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே வரியில்தான் விழ வேண்டும். இடம் மாறி மாறி விழுந்தால் மனசு உடனே வன்பொருள் பக்கம் திரும்ப வேண்டும். மெம்டெஸ்ட்86+ போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்புச் சிவப்பாக வரிகள். இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்றைக் கழற்றியதும் அதே ஜிசிசி ஒரு முனகல் இல்லாமல் முடிந்தது. அந்தக் கணினி அதற்கு முன் எட்டு மாதம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நினைவகத்தை மூலை முடுக்கெல்லாம் தொட்டு மணிக்கணக்கில் கசக்குகிற வேலை, வீட்டுக் கணினியில் கம்பைலரைத் தவிர அதிகம் இல்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் பழக்கம். உங்களில் ஒருவர் மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறார்; மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றிருக்கிறார். என்ன உடைந்தது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினால், அதே தப்பை இன்னும் வேகமாகச் செய்வீர்கள், வேறொன்றும் நடக்காது. ஒரு பேக்கேஜ் விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது, பிரித்து வைத்த அந்த மூலநிரல் ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டு, டார் கோப்பிலிருந்து புதிதாகப் பிரிப்பது. மேக் கிளீன் போதாது. பாதி கான்ஃபிகர் ஆன, பாதி பேட்ச் ஏறிய ஃபோல்டரில் மறுபடி முயன்றுதான் பாதிப் பேர் மாட்டுகிறீர்கள். குறிப்பாக பின்யூட்டில்ஸ், ஜிசிசி இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கட்டுகிறோம். முதல் முறை பயன்படுத்திய ஃபோல்டர் அப்படியே கிடந்தால் இரண்டாம் முறை கெட்டுவிடும். ஜிசிசிக்குள் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றையும் பதிப்பு எண் இல்லாத வெறும் பெயரில் வைக்க வேண்டும் என்பதையும் இந்த மறுபடி பிரிக்கும் அவசரத்தில் மறந்துவிடுவீர்கள்.

எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இது. உடைந்தது கிரெப், ஸெட் மாதிரி ஓர ஆளாக இருந்தால் அதை மட்டும் மறுபடி கட்டுங்கள். சந்தேகம் பின்யூட்டில்ஸ், ஜிசிசி, ஜிலிப்சி மேல் விழுந்தால், சந்தேகப்படுகிற அந்த ஆள் வரைக்கும் போய், அங்கிருந்து வரிசையாக மறுபடி வாருங்கள். வலிக்கும், வேறு வழி இல்லை. க்ரூட்டுக்குள் தற்காலிகக் கருவிகள் முடிந்ததும் முழு அமைப்பையும் ஒரு டார் கோப்பாக எடுத்து வைக்கும்படி புத்தகம் சொல்கிறதே, அதைச் செய்திருந்தால் இந்த வலி பாதியாகக் குறைந்திருக்கும். இடம் இல்லை என்று தாண்டியவர்கள், ஒரு பென்டிரைவைக் காலிசெய்து இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

சோதனைத் தொகுப்புகள் பற்றி ஒரு வார்த்தை. ஜிலிப்சி, ஜிசிசியின் சோதனைகளைத் தவிர்க்காதீர்கள், மணிக்கணக்கில் ஓடினாலும். அதேசமயம் ஆயிரக்கணக்கான சோதனைகளில் ஒன்றிரண்டு தோற்றுவிட்டன என்று கலங்கவும் வேண்டாம்; எவை தோற்பது வழக்கம் என்று அந்தந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.

“உபுண்டு இருபது நிமிஷத்துல இன்ஸ்டால் ஆகுது, எதுக்கு அக்கா இந்தப் பாடு?” என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் கென் தாம்சன் ஒன்றைக் காட்டினார். ஒரு கம்பைலருக்குள் திருட்டு வழி ஒன்றை வைத்துவிட்டு, அதன் மூலநிரலிலிருந்து அந்தத் தடயத்தை அழித்துவிட முடியும். அந்தக் கம்பைலரால் கட்டப்படும் அடுத்த கம்பைலருக்குள் திருட்டு தானாகவே ஏறிக்கொள்ளும். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாது. உறைமோரில் கலந்தது தலைமுறை தலைமுறையாகத் தயிரில் வருவது போல. அப்படியானால் முதல் உறைமோரையே சந்தேகமில்லாமல் செய்ய முடியுமா? நம் வீடுகளில் உறைமோர் இல்லாத நாளில் வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைப்பார்களே, அதுபோல ஒன்றைக் குயிக்ஸ் திட்டத்தினர் 2023-இல் செய்து காட்டினார்கள். வெறும் 357 பைட் கொண்ட ஒரு நிரலில் தொடங்கி, அதிலிருந்து படிப்படியாக அசெம்ப்ளர், குட்டி சி கம்பைலர், குனு மெஸ், டைனி சிசி, ஜிசிசி 2.95, அப்புறம் புதிய ஜிசிசி என்று ஏறினார்கள். 357 பைட் என்றால் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்துவிடக்கூடிய அளவு.

நாம் கட்டும் எல்எஃப்எஸ் அந்த அளவுக்குப் போவதில்லை. நாம் உபுண்டுவின் உறைமோரை நம்பித்தான் தொடங்குகிறோம். ஆனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: ஒரு கணினி எதன்மேல் நிற்கிறது என்று நீயே படி படியாக இறங்கிப் பார்த்திருந்தால்தான், இப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே உனக்கு உறைக்கும். வேலைக்குப் போன பிறகு யாரும் உன்னை ஜிலிப்சி கட்டச் சொல்ல மாட்டார்கள். நடுராத்திரி நின்றுபோன ஏதோ ஒன்றின் லாக் உன் முன்னால் வந்து விழும். அதைப் பதறாமல் மேலிருந்து படிக்கிற கண் உனக்கு இங்கேதான் பழகும்.

இனிமேல் என்னிடம் கேட்கும்போது நாலு விஷயம் அனுப்புங்கள்: எந்தப் பதிப்புப் புத்தகத்தின் எந்தப் பக்கம், ஹோஸ்ட் கணினி என்ன, புத்தகத்தில் இல்லாத எதையாவது செய்தீர்களா, லாக் கோப்பு, முழுசாக. மூன்றாவதை மறைக்காதீர்கள். திட்ட மாட்டேன். பாதி விடை அதில்தான் இருக்கிறது. மூடி வைத்த அந்த நான்கு பேரும் எந்த நிலையில் மூடினீர்களோ அதே நிலையில் கணினியைத் திறந்து, எதையும் அழிக்காமல், முதல் பிழை வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணியிலிருந்து நான் ஓய்வாகத்தான் இருப்பேன்.

ஜிஎம்பியில் அழுதவளிடமிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. எண்பது பேக்கேஜும் தாண்டி, கெர்னலும் கட்டி, மறுதொடக்கம் செய்திருக்கிறாள். கெர்னல் பேனிக்: ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் 0,0. இம்முறை படம் இல்லை. கெர்னலின் கான்ஃபிக் கோப்பை முழுசாக இணைத்திருந்தாள். அதில் என்விஎம்இ டிரைவர் இருக்கும் வரியைத் தனியாக எடுத்து எழுதியிருந்தாள். அந்த வரியின் முடிவில் எம் என்று இருந்தது. “இனிட்ராம்எஃப்எஸ் நாம வைக்கல. அப்போ மாட்யூலா இருக்கிற டிரைவரை டிஸ்க்குலேர்ந்து எடுக்கிறதுக்கே டிஸ்க் டிரைவர் வேணும். இது ஒய்யா இருந்திருக்கணுமா அக்கா?” என்று கேட்டிருந்தாள்.

ஆமாம் என்று பதில் போட்டேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா